மழையில் கூடாரம்: சின்னக் குழந்தையும் நாயும் உடன் வரும்போது

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் குடியிருக்கிறீர்கள். வீட்டில் நாலு வயதுக் குழந்தை, ஒரு நாய். இந்த மழைக்காலத்திலேயே ஒரு ராத்திரியாவது கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்று ஆசை. தாராளமாகப் போகலாம். தவளைச் சத்தமும் ஈர மண்ணில் ஊரும் சிவப்புத் தம்பலப்பூச்சியும் குழந்தைக்கு வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

நனைவதை நினைத்து அதிகம் கவலைப்படாதீர்கள். நம் ஊர் மழை நடுக்கும் மழை இல்லை. நவம்பர் இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 டிகிரியில்தான் நிற்கும். நனைந்த குழந்தையைத் துடைத்து உலர்ந்த துணி மாற்றிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. உண்மையில் பயப்பட வேண்டியவை மூன்று: தரையில் ஓடிவரும் தண்ணீர், மின்னல், தோட்டத்துக் கிணறு. இந்த இயலில் உள்ள பெரும்பாலான வேலைகள் இந்த மூன்றையும் விட்டு விலகி நிற்பதற்காகத்தான்.

எந்த மழை, எந்த நாள்

சென்னைப் பக்கத்துக்கு இரண்டு விதமான மழை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலத்திலோ முன்னிரவிலோ இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போவது ஒன்று. அதில் தண்ணீர் குறைவு, மின்னல் அதிகம். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மற்றது. ஆரம்பத்தில் இடி இருக்கும். நவம்பர், டிசம்பரில் இடி குறையும். ஆனால் தாழ்வு மண்டலமோ புயலோ வந்தால் நாள் முழுக்க விடாமல் பெய்யும். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அப்படிப்பட்ட வானத்தின் கீழ் கூடாரத்துக்கு வேலையே இல்லை.

நீங்கள் தேட வேண்டியது இரண்டு தாழ்வு மண்டலங்களுக்கு நடுவில் வரும் இடைவெளி. அந்த நாட்களில் அவ்வப்போது ஒரு பாட்டம் மழை வந்து போகும், அது போதும்.

1. கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகும் என்று ஒரு வரி வந்தாலே நாளைத் தள்ளிவையுங்கள்.
2. முந்தைய நாள் மாலை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு என்ன நிற எச்சரிக்கை என்று பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணம் இல்லை. மஞ்சள் என்றால், அது எதற்கு என்று படியுங்கள். இடி மின்னலுக்கான மஞ்சளாக இருந்தால் சின்னக் குழந்தையோடு போகாதீர்கள்.
3. புறப்படும் நாள் காலையில் ரேடார் படத்தைப் பாருங்கள். ‘தாமினி’ செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மின்னல் விழுவதை அது காட்டும்.

அறிவிப்பில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதற்கு மேலே அதி கனமழை. ‘மிதமான மழை’ என்ற வார்த்தை இருக்கும் நாளே உங்கள் நாள்.

இடம் பார்ப்பது

இதில் அவசரமே கூடாது. மழை இல்லாத ஒரு நாளில், பகல் வெளிச்சத்தில், குழந்தையையும் நாயையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்து வாருங்கள்.

எங்கே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம். நாயைக் காட்டுக்குள் கூட்டிப்போனால் அங்குள்ள விலங்குகளுக்கும் நோய் பரவும். வேடந்தாங்கலில் பறவைகள் வந்து சேரும் பருவம் இது; நாயோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்த கடற்கரையில் கூடாரம் அடிப்பதும் சரிவராது. காற்று, அலை இரண்டுக்கும் அங்கே தடுப்பு கிடையாது.

நல்லது எது? தெரிந்தவர் ஒருவரின் தோட்டம் அல்லது தோப்பு. படப்பை, மணிமங்கலம், திருப்போரூர், மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் யாராவது சொந்தக்காரர் இருப்பார். ஓட்டு வீடோ கான்கிரீட் வீடோ கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்: கட்டடம் இல்லாத இடத்தில் சின்னக் குழந்தையோடு மழை இரவைக் கழிக்கக் கூடாது.

அடுத்து, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்று பாருங்கள். இந்த வட்டாரமே ஏரிகளால் ஆனது. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடிப் போகிறது; மேற்கே பீர்க்கன்காரணை, முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேர்கிறது. 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியது அங்கே பெய்த மழையால் மட்டும் இல்லை. மேலே இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீரும் சேர்ந்துதான். உங்கள் தலைக்கு மேல் தூறல் மட்டுமே இருக்கும்போதும் காலடியில் தண்ணீர் ஏறக்கூடும். ஆகவே:

1. பக்கத்தில் ஏரி இருந்தால் அதன் கலங்கல், அதாவது உபரிநீர் வழியும் இடம், எங்கே என்று கேளுங்கள். கலங்கலுக்குக் கீழேயும், அதிலிருந்து போகும் கால்வாய்க் கரையிலும் கூடாரம் கூடாது. ஏரிக்குள் காய்ந்து கிடக்கும் புல்தரையும் கூடாது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஏரிதான்.
2. தோட்டக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: “அண்ணே, போன பெரிய மழைக்குத் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?” அவர் கை காட்டும் இடத்துக்கு மேலே, நல்ல மேட்டில் இடம் பாருங்கள். சுவரில் இருக்கும் சேற்றுக் கறையும், வேலியில் சிக்கிக் காய்ந்த சருகும் இதே பதிலைச் சொல்லும்.
3. மண்ணைக் காலால் கிளறிப் பாருங்கள். செம்மண்ணும் சரளையும் கலந்த மேடு தண்ணீரை வடியவிடும். களிமண் பிடித்துவைக்கும், முளையும் அதில் நிற்காது.
4. தோட்டத்திலிருந்து ஜிஎஸ்டி சாலை வரை வழியில் தரைப்பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு இடம் தேடுங்கள். அரை அடி உயரத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரியவரையே சாய்த்துவிடும். ஒரு அடித் தண்ணீர் சின்னக் காரை இழுத்துப்போகும்.
5. தென்னைக்கு அடியில் கூடாது: மட்டையும் காயும் விழும். பனை, புளியமரம் போல் உயர்ந்து நிற்கும் மரங்களுக்கு அடியிலும் கூடாது: மின்னல் தேடி வரும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.

கிணறு தனி விஷயம். செங்கல்பட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவரே இல்லாத தரைக்கிணறுகள் நிறைய. மழைக்காலத்தில் தண்ணீர் விளிம்பு வரை வந்து நிற்கும். புல் மூடியிருந்தால் பெரியவருக்கே தெரியாது. எத்தனை கிணறு, எங்கெங்கே என்று தோட்டக்காரரோடு நடந்துபோய் ஒவ்வொன்றையும் பாருங்கள். மூடாத ஆழ்துளைக் குழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுவரும் கம்பி மூடியும் இல்லாத கிணறு கூடாரத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த இடம் நமக்கு வேண்டாம். பம்புசெட் அறை, மின்கம்பத்தின் ஸ்டே கம்பி, பன்றிக்குப் போட்ட மின்வேலி இவற்றையும் அந்த நடையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அறுந்து தொங்கும் கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

மொட்டை மாடியில் ஒத்திகை

கூடாரத்தை முதல்முறையாகத் தோட்டத்தில் போய்ப் பிரிக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் போடுங்கள். தளத்தில் முளை அடிக்க முடியாது என்பதால், தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களில் கயிறுகளைக் கட்டுங்கள். பிறகு தோட்டத்துக் குழாயால் கால் மணி நேரம் மேலிருந்து தண்ணீர் பீய்ச்சுங்கள். உள்ளே உட்கார்ந்து தையல்களைத் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, காய்ந்ததும் தையலுக்கான பசையைத் தடவுங்கள்.

அன்று இரவு எல்லோரும் அதிலேயே படுங்கள். இடி இருந்தால் மட்டும் வேண்டாம். குழந்தை எத்தனை மணிக்கு எழுந்து அழுகிறது, நாய் எங்கே சுருண்டுகொள்கிறது, யார் காலில் யார் இடிக்கிறோம் என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். மூன்று பேருக்கு என்று விற்கும் கூடாரம் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, ஒரு நாய்க்குப் போதாது. ஐந்து பேருக்கானதை வாங்குங்கள்.

குறிப்பு: உங்கள் நாய் இடிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமா? தீபாவளியன்று அது என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்கடியில் ஒடுங்கி நடுங்கியதென்றால் மழை முகாமுக்கு அதைக் கூட்டிப்போகாதீர்கள். பயந்த நாய் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும். தெரியாத ஊரில், இருட்டில், அதைத் தேடிப் பிடிப்பது கடினம்.

கிளம்பும் முன்

நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். முதல்முறை என்றால் இரண்டு தவணை, நடுவில் 2 முதல் 4 வாரம். அதனால் ஒன்றரை மாதம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவும் நோய் இது. நாய்க்கு வந்தால் வீட்டு மனிதருக்கும் வரலாம். உண்ணிக்கான மருந்தையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் எழுதிய தகடு இருக்கட்டும்.

எல்லோருக்கும் தெரிந்த சாமான்களை விட்டுவிடுகிறேன். மறந்துபோகிறவை இவை:

- 12-க்கு 15 அடி தார்ப்பாய், 20 மீட்டர் கயிறு. கூடாரத்தைவிட இதுதான் முக்கியம்.
- ஒன்றரை அடிச் சவுக்குக் குச்சிகள் பத்து, ஒரு முனை சீவியது. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை ஈர மண்ணில் பிடுங்கிக்கொள்ளும்.
- பழைய கோணிப்பை இரண்டு, கூடார வாசலில் கால் துடைக்க. நாய்க்குத் தனியாகப் பழைய துண்டு நான்கு.
- ஒரு ஜமுக்காளம். நாயின் நகம் கூடாரத் தரையைக் கிழிக்காமல் இருக்க உள்ளே விரிப்பதற்கு.
- குழந்தைக்கு நாலு செட் துணி, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில். அதில் ஒரு செட் தூங்க மட்டும். அதைப் போட்டுக்கொண்டு கூடாரத்தைவிட்டு வெளியே வரக் கூடாது.
- நாய்க்கும் சேர்த்துக் குடிதண்ணீர். குட்டைத் தண்ணீரை அது குடிக்கவிடாதீர்கள்.
- ஓ.ஆர்.எஸ்., தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்குரிய அளவை மருத்துவர் எழுதித்தந்த பாராசிட்டமால். அந்த மருந்தை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அதற்கு அது விஷம்.
- குழந்தையின் கழுத்தில் ஒரு விசில்.

கொசுக் களிம்பைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடாதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவிவிடுங்கள். விரல், கண், வாய்ப் பக்கம் வேண்டாம். தடவிய இடத்தை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது கூடாரம் போடும் வரிசை

பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். தூறிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் இறக்காதீர்கள்.

1. காரை மேடான, கெட்டியான தரையில், மரத்தடி இல்லாமல், முகப்பு தோட்டத்து வாசலைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். கூடாரத்திலிருந்து முப்பது அடிக்குள் இருக்கட்டும். இடி வந்தால் அதுதான் உங்கள் அடைக்கலம்.
2. ஒரு பெரியவர் குழந்தையோடும் நாயோடும் காரிலேயே இருக்கட்டும். குழந்தையையும் நாயையும் மட்டும் காரில் விட்டுவிட்டு இருவரும் இறங்கக் கூடாது.
3. இன்னொருவர் முதலில் தார்ப்பாயைக் கட்டட்டும். நடுக்கயிற்றை இறுக்கி, ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்துங்கள். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் தொந்தியாகத் தேங்கி மொத்தத்தையும் இழுத்துப்போடும்.
4. தார்ப்பாய்க்குக் கீழே, நனையாமல், கூடாரத்தைப் பிரியுங்கள். வாசல் தென்மேற்குப் பக்கம் இருக்கட்டும். வடகிழக்குப் பருவத்தில் சாரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.
5. முளைகளைக் கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்த்து அடியுங்கள்.
6. அடிவிரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே ஒரு விரற்கடைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிறவர்களில் பலருக்கும் காரணம் இதுதான்: நீட்டிய விரிப்பு மழையைப் பிடித்து நேராக உங்கள் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து விடுகிறது.
7. உலர்ந்த படுக்கை உள்ளே போன பிறகு குழந்தை. நாய் கடைசியில், துண்டால் துடைத்து, கோணிமேல் நிற்கவைத்துக் கால் சுத்தம் செய்த பிறகு.

நைலான் கயிறு நனைந்தால் தளரும். தூங்கப்போகும் முன் எல்லாக் கயிற்றையும் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள்.

சாப்பாடு

ராத்திரிச் சாப்பாடு வீட்டிலிருந்தே வரட்டும்: புளியோதரை, பொடி தடவிய இட்லி. அடுப்பு பால் காய்ச்சவும், ஒரு சுக்குக் காப்பிக்கும், காலைக் கஞ்சிக்கும் போதும். அது தார்ப்பாயின் திறந்த ஓரத்தில் இருக்கட்டும். எரியும்வரை நாய் கட்டப்பட்டிருக்க வேண்டும், குழந்தை ஒருவர் மடியில் இருக்க வேண்டும்.

மழை வலுத்தாலும் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கொசுவத்தியும் சாம்பிராணியும் உள்ளே வேண்டாம். கொசுவுக்குக் கூடாரத்தின் வலைக் கதவே போதும்.

மிச்சமான சாம்பாரை நாய்க்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு ஆகாதவை.

இரவு

மழை விட்டதும் ஈசல் பறக்கும். ஈசல் விளக்குக்கு வரும், ஈசலைத் தின்னத் தேரை வரும், தேரையைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே விளக்கைக் கூடாரத்தில் தொங்கவிடாதீர்கள். இருபது அடி தள்ளி ஒரு கம்பில் கட்டிவிட்டு, உங்களுக்கு மங்கலான டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்ணீர் விழுங்காதபடி வாயைக் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள். கால்நடை உதவிக்கு 1962.

வாசலோரம் ஒரு பெரியவர், நடுவில் குழந்தை, அடுத்து இன்னொரு பெரியவர், அவர் காலடியில் நாய். வாசல் ஜிப்பின் பிடி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நாயைக் கூடாரக் கம்பியில் கட்டாதீர்கள். உள்ளே அவிழ்த்துவிடலாம், வெளியே எப்போதும் கயிற்றில்தான். ஓட்டைக்குள் மூக்கை நுழைப்பதுதான் அதன் இயல்பு. வளையில் தண்ணீர் புகுந்து வெளியேறிய பாம்பு அங்கேதான் இருக்கும்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது. பல சமயம் வலியே தெரியாது. ஜிப்பை ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் மூடுங்கள். செருப்பை, ஷூவை உள்ளேயே வையுங்கள். காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். தெற்குப் பக்கத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்து. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி நம் பக்கத்திலுள்ள வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது.

கிளம்பிவிட வேண்டிய நேரம்

பகல் வெளிச்சத்திலேயே இரண்டு பெரியவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் விவாதமில்லாமல் கிளம்புவது. பாதி ராத்திரியில் “இன்னும் கொஞ்சம் பார்ப்போமே” என்று சொல்லத்தான் தோன்றும்.

- மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால்: உடனே வீட்டுக்குள் அல்லது காருக்குள். கூடாரம் மின்னலைத் தடுக்காது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.
- தரையில் தண்ணீர் தேங்காமல் ஓடத் தொடங்கினால்: தோட்ட வீட்டுக்குப் போங்கள். சாமான் கிடக்கட்டும்.
- ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது என்று ஊரில் சொன்னால்.
- எச்சரிக்கை ஆரஞ்சுக்கு மாறினால்.
- குழந்தை துணி மாற்றிய பிறகும் நடுங்கினால், அல்லது காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால்.

போகும்போது வரிசை: முதலில் குழந்தை, அடுத்து கயிற்றோடு நாய், போன், கார் சாவி. கூடாரத்தைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். சாலையில் தண்ணீர் குறுக்கே ஓடினால் ஓட்டிப் பார்க்காதீர்கள். இரவைத் தோட்ட வீட்டுக்குள்ளேயே கழியுங்கள். மாவட்ட அவசர உதவிக்கு 1077.

வீடு திரும்பிய பிறகு

ஈரக் கூடாரத்தை அன்றே பிரித்துக் காயவையுங்கள். வெயில் இல்லாவிட்டால் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து, தடுப்புப் பூச்சு உரிந்துவிடும்.

நாயைக் குளிப்பாட்டி, காது, கால் விரலிடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவி உண்ணி தேடுங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். குழந்தையின் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தோட்டத்தில் மழைத் தண்ணீரில் நின்றதையும் நாய் உடன் இருந்ததையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல் சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்ய அது உதவும். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், வேறு வலி மாத்திரை வேண்டாம். நாய் இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், மூன்றாம் வேளைக்குக் காத்திருக்காமல் அதன் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.